பார்ட்னர், சூசூ, சோல்: கறுப்பினப் பெண்கள் கையோடு கொண்டுவந்த சீட்டு

லண்டனில் ஒரு மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண் கேட்டிருக்கும் கேள்வி இது: "கூட வேலை செய்யும் ஜமைக்கா அம்மா ஒருவர் 'பார்ட்னர்' என்று ஒன்று நடத்துகிறார். 20 பேர், வாரம் ஆளுக்கு 50 பவுண்டு. என்னையும் சேரச் சொல்கிறார். வட்டி எவ்வளவு வரும் என்று கேட்டேன், அவர் முகம் மாறிவிட்டது. இது நம் சீட்டு மாதிரிதானா? சேரலாமா? இதைத் தங்கள் பண்பாடு, அடையாளம் என்றெல்லாம் அவர்கள் சொல்வது ஏன்?"

சீட்டுதான். 20 பேர் ஆளுக்கு 50 போட்டால் வாரம் 1,000 பவுண்டு சேரும். அதை வாரா வாரம் ஒருவர் எடுப்பார். 20 வாரத்தில் எல்லோரும் எடுத்துவிட்டால் ஒரு சுற்று முடிந்தது. இதுவரை நம் ஊர்ச் சீட்டு போலத்தான். நீங்கள் கேட்ட வட்டி என்ற அந்த ஒரு சொல்லில்தான் இரண்டும் பிரிகின்றன.

நம் ஏலச் சீட்டில் அவசரம் உள்ளவர் தள்ளி எடுப்பார். 1 லட்ச ரூபாய்ச் சீட்டை 20 ஆயிரம் தள்ளி 80 ஆயிரத்துக்கு ஒருவர் எடுத்தால், தள்ளிய பணத்தில் நடத்துபவரின் கமிஷன் போக மீதி எல்லோருக்கும் பங்காகக் கழியும். இந்தியாவின் 1982 சீட்டு நிதிச் சட்டம் அந்தக் கமிஷனுக்கு 5 சதவீதம் என்று வரம்பு வைத்தது, 2019 திருத்தம் அதை 7 ஆக்கியது. ஆக, ஒருவருடைய அவசரம் மற்றவர்களுக்கு வரவாகிறது. பார்ட்னரில் ஏலமே கிடையாது. முதல் வாரம் எடுப்பவருக்கும் 1,000, கடைசி வாரம் எடுப்பவருக்கும் 1,000. பக்கத்தில் இருப்பவளின் நெருக்கடியில் நான் காசு பார்க்க மாட்டேன் என்ற உறுதியின் மேல்தான் அது நிற்கிறது. அங்கே போய் வட்டி எவ்வளவு என்று கேட்டால், நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதப் போய் "இதற்கு என்ன வட்டி போட்டுத் திருப்பித் தருவீர்கள்" என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். நம்மூரில் இதற்கு மிக நெருக்கமானது குலுக்கல் சீட்டு. உங்கள் கேள்வியில் தப்பில்லை, அந்த அம்மாவின் முகம் மாறியதிலும் தப்பில்லை.

அவர்கள் பேச்சை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். நடத்துபவர் 'பேங்கர்'. பணம் கட்டுவதைப் பார்ட்னர் 'எறிவது' என்பார்கள். மொத்தமாக வரும் பணத்துக்கும், வரிசையில் உங்களுக்கு உள்ள இடத்துக்கும் 'கை' என்றுதான் பெயர். "என் கை எந்த வாரம்?" என்பது அங்கே தினசரிக் கேள்வி. 50 கட்ட முடியாத இருவர் சேர்ந்து ஆளுக்கு 25 போட்டு ஒரு கையைப் பாதி பாதியாக எடுக்கலாம். வசதி உள்ளவர் 100 போட்டு இரண்டு கை எடுக்கலாம்.

இனி, வரிசை. பார்ட்னரின் மொத்த சூட்சுமமும் யாருக்கு எத்தனையாவது கை என்பதில்தான் இருக்கிறது. முதல் கை எடுப்பவர் 50 கட்டி 1,000 வாங்குகிறார். அந்த நிமிடம் அவர் மற்றவர்களுக்கு 950 பவுண்டு கடன்காரர். 10ஆவது கை எடுப்பவர் 500 கட்டியிருப்பார், இன்னும் 500 பாக்கி. 19ஆவது ஆளுக்குப் பாக்கி வெறும் 50. 20ஆவது ஆளுக்குப் பாக்கியே இல்லை. முன்வரிசைக்காரர் வட்டியில்லாக் கடன் வாங்குகிறார், பின்வரிசைக்காரர் வட்டியில்லாமல் சேமிக்கிறார். கை எடுத்த கையோடு ஒருவர் கட்டாமல் நின்றுவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்பதும் இதே கணக்கில் வந்துவிடுகிறது: 20லிருந்து அவருடைய கை எண்ணைக் கழித்து 50ஆல் பெருக்குங்கள்.

அதனால்தான் புதிதாக வருபவருக்கு எந்த பேங்கரும் முன்கை தர மாட்டார். 18, 19, 20 என்றுதான் கிடைக்கும். நீங்கள் ஆசியப் பெண் என்பதற்காகவோ வெளியாள் என்பதற்காகவோ அல்ல. அவருடைய சொந்தத் தங்கை மகள் முதல்முறை சேர்ந்தாலும் அதே இடம்தான். ஒரு சுற்றை மட்டும் பார்த்தால் வரிசை அநியாயமாகத் தெரியும். ஆனால் அதே 20 பேர் 5 சுற்று, 10 சுற்று என்று தொடர்கிறார்கள். இந்தமுறை கடைசியில் நின்றவர் அடுத்தமுறை முன்னால் வருவார். பார்ட்னர் ஒருமுறை ஆடிவிட்டுப் போகிற ஆட்டமாக இருந்தால் யாருமே கடைசிக் கைக்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

இதில் ஒரு நிஜமான குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். விலைவாசி வேகமாக ஏறும் ஊரில் கடைசிக் கைக்காரர் உண்மையாகவே இழக்கிறார். ஜமைக்காவில் 1990களின் தொடக்கத்தில் பணத்தின் மதிப்பு மளமளவென்று சரிந்தபோது, நீண்ட சுற்றின் கடைசியில் வந்த கைக்கு முதல் வாரத்தின் கையில் வாங்கியதை வாங்க முடியாது. சுற்றைச் சிறிதாக வைப்பதுதான் இதற்கு வழி. 20 வாரம் என்பது நல்ல அளவு.

பேங்கர் என்ன செய்கிறார் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு கோடு போட்ட நோட்டு, இடது ஓரத்தில் பெயர்கள், மேலே சனிக்கிழமைகளின் தேதி, கட்டியவருக்கு நேரே ஒரு டிக். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். தெரியாதது அவர் மனதில் இருக்கும் நாட்காட்டி. செப்டம்பரில் பள்ளி திறக்கும்முன் மூன்று பிள்ளை வைத்திருப்பவளுக்குச் சீருடைப் பணம் வேண்டும். நவம்பரில் ஊருக்குப் பீப்பாய் அனுப்புபவளுக்கு அக்டோபரிலேயே கை வேண்டும். (இடுப்புயரப் பிளாஸ்டிக் பீப்பாயில் அரிசி, எண்ணெய், சோப்பு, பிள்ளைகளின் உடுப்பு என்று அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள், கிறிஸ்துமஸுக்குள் போய்ச் சேர வேண்டும்.) யார் வீட்டில் சாவு, யாருக்கு வேலை நேரம் குறைந்திருக்கிறது, யார் கணவன் பணத்தைக் கண்டால் விட மாட்டான், இத்தனையும் தெரிந்தால்தான் வரிசை போட முடியும். திடீரென்று ஒருத்திக்கு அவசரம் வந்தால், அந்த வாரக் கைக்காரியிடம் பேசி இடம் மாற்றித் தருவதும் பேங்கர் வேலை. உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ளக் கூடாது. நோட்டில் ஏறாத மாற்றம்தான் பின்னால் சண்டையாக வரும்.

வாரக்கெடு கண்டிப்பானது. வெள்ளி மாலைக்குள் எல்லோரும் எறிய வேண்டும், சனிக்கிழமை கை கொடுக்க வேண்டும் என்றால், 2 பேர் பிந்தினாலும் சனிக்கிழமை 1,000 முழுதாகப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். 900 கொடுத்துவிட்டு மீதி செவ்வாய்க்கிழமை என்று ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த வாரம் 5 பேர் பிந்துவார்கள். "அவளுக்கு முழுதாகக் கிடைக்கவில்லையாம், நாம் மட்டும் ஏன் நேரத்துக்குப் போட வேண்டும்" என்ற நினைப்பு வந்துவிட்டால் பார்ட்னர் கலைந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். ஆகவே பிந்தியவர்களின் பங்கை பேங்கர் தன் கையிலிருந்து போட்டு நிரப்புவார். சில பேங்கர்கள் முதல் கையைத் தமக்கே வைத்துக்கொள்வது இதற்காகத்தான். அந்த 1,000 இப்படி ஓட்டை அடைப்பதற்கான இருப்பு.

முன்கை எடுத்தவர் அப்படியே நின்றுவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஏமாற்ற நினைத்து ஓடியவர்களைவிட, வேலை போய், வெட்கத்தில் போனை எடுக்காமல் இருந்து, கடைசியில் தெருவில் எதிரே வந்தால் எதிர்ப்பக்கம் மாறி நடப்பவர்களே அதிகம். இரண்டாவது வாரமே பேங்கரிடம் வாய் திறந்து சொல்லியிருந்தால் பாதிப் பாதியாகக் கட்ட வழி பண்ணியிருப்பார். கட்டாமல் நின்ற பெயர் சுற்றுவட்டாரத்தில் எல்லா பார்ட்னருக்கும் தெரிந்துவிடும். தேவாலயம், முடி பின்னும் கடை, கடைத்தெரு என்று எங்கே போனாலும் அந்தப் பெயர் முன்னால் போய் நிற்கும். எழுதிக் கையெழுத்து வாங்காத ஒப்பந்தம் இத்தனை வலுவாக நிற்பது அந்தப் பயத்தாலும்தான், அன்பால் மட்டுமே என்று நான் சொல்ல மாட்டேன்.

கை எடுக்கும்முன்பே விலக வேண்டி வந்தால்? கட்டிய பணம் உடனே திரும்பாது. அது ஏற்கெனவே மற்றவர்கள் கையில் போய்விட்டது. உங்கள் இடத்துக்கு வேறொருவர் வர வேண்டும், இல்லையென்றால் சுற்று முடியக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான மனஸ்தாபங்கள் இந்த ஒன்று தெரியாமல் வருபவை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஏன் இது அவர்களுக்குப் பணக்கணக்குக்கும் மேலே?

சொல்லிலிருந்தே தொடங்கலாம். டிரினிடாடில் இதற்கு 'சூசூ' என்று பெயர். நைஜீரியாவின் யோருபா மக்கள் சொல்லும் 'எசூசூ'தான் அது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் குரோதர் தொகுத்த யோருபாச் சொல்தொகுதியிலேயே எசூசூ இருக்கிறது. குரோதர் தாமே 1821இல் சிறுவனாகப் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு, 1822இல் கப்பலிலிருந்து மீட்கப்பட்டவர், பிறகு பிஷப் ஆனவர். உடுத்த துணியும் பெயரும் பிடுங்கப்பட்டு அட்லாண்டிக்கைக் கடந்தவர்கள் இந்தச் சொல்லை விடாமல் வைத்திருந்தார்கள். பஹாமாஸில் 'அசூ' என்கிறார்கள், கயானாவில் 'பாக்ஸ் ஹேண்ட்', பார்படோஸில் 'மீட்டிங் டர்ன்', சுரினாமில் 'கஸ்மோனி', ஹைட்டியில் 'சோல்'. ஹைட்டியில் நடத்துபவருக்கு 'மன்மன் சோல்' என்று பெயர், சோலின் தாய்.

தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களிடம் பணம் ஏது என்று தோன்றலாம். ஜமைக்காவில் முதலாளிகள் சாப்பாட்டுச் செலவை மிச்சம் பிடிக்க, கரும்பு விளையாத மலைச்சரிவுகளை அடிமைகளுக்கு விட்டு, நீங்களே பயிர் செய்து சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். மிஞ்சிய கிழங்கும் வாழைக்காயும் ஞாயிற்றுச் சந்தைக்கு வந்தன. அந்தச் சந்தையில் பெண்களின் கை ஓங்கியிருந்தது. தோட்டக்காரர்களின் தரப்பில் நின்று எழுதிய எட்வர்டு லாங், 1774இல், தீவில் புழங்கிய நாணயத்தில் ஐந்தில் ஒரு பங்கு அடிமைகளிடம், பெரும்பாலும் சில்லறையாக, இருப்பதாகக் கணக்கிட்டார். ஆக, சில்லறையைச் சேர்த்துப் பெரும்பணம் ஆக்கும் வித்தை அவர்களுக்கு அன்றே தேவைப்பட்டது.

பிரேசிலின் பாயியா மாநிலத்தில் இது இன்னும் நேரடியாகத் தெரிகிறது. சால்வடோர் நகரத் தெருக்களில் பலகாரமும் காய்கனியும் விற்ற 'கன்யதேரா' பெண்கள் நாள் வருமானத்தில் குறித்த பங்கை எஜமானருக்குக் கட்டிவிட்டு மிச்சத்தைத் தாங்கள் வைத்துக்கொள்ளலாம். அங்கே 'ஜுந்தா' என்ற கூட்டு நிதிகள் இருந்தன. அதிலிருந்து பணம் எடுத்து ஒருவர் தன் விடுதலைப் பத்திரத்தை விலைக்கு வாங்குவார். வாங்கிய பிறகும் நிதிக்குக் கட்டிக்கொண்டே இருப்பார், அடுத்தவரும் வெளியே வர வேண்டும் என்பதற்காக. நல்மரண அன்னையின் பெயரில் கறுப்பினப் பெண்கள் மட்டுமே சேர்ந்து நடத்தும் சகோதரி சங்கம் ஒன்று கஷோயிரா ஊரில் இன்றும் இருக்கிறது, ஒவ்வோர் ஆகஸ்டிலும் விழா எடுக்கிறார்கள். பெண்களின் விடுதலைக்குப் பணம் திரட்டியது அதன் வரலாற்றில் ஒரு பகுதி. கை எடுப்பது என்றால் அங்கே சங்கிலி அறுவது என்று பொருள். இந்த நினைவு உள்ள சமூகத்தில் பிறந்தவர்களிடம், இது வங்கி கிடைக்காதவர்களின் மாற்று ஏற்பாடு என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயம். 'முறைசாரா நிதி' என்று ஆய்வேடுகளில் எழுதும் சொல்லும் எனக்கு உடன்பாடில்லை. முறை இருக்கிறது, கறாரான முறை.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை ஒழிப்பு 1834இல் நடைமுறைக்கு வந்தபோது, அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அது முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு கிடையாது. அதற்காக வாங்கிய கடனை அரசு 2015இல்தான் அடைத்து முடித்தது. கரீபியனிலிருந்து வந்து லண்டனில் உழைத்தவர்கள் கட்டிய வரியும் அந்தக் கடனுக்குத்தான் போயிருக்கிறது.

1948 ஜூன் 22 அன்று கரீபியனிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த எம்பயர் விண்ட்ரஷ் கப்பலின் பயணிகள் இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்தில் இறங்கினார்கள். ஜமைக்காவிலிருந்து மலிவு டிக்கெட் 28 பவுண்டு 10 ஷில்லிங். அதே ஆண்டு ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. நீங்கள் இன்று நிற்கிற வார்டுகளைத் தொடக்க ஆண்டுகளில் தாங்கிப் பிடித்ததில் கரீபியப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களில் பலரை முழுத் தகுதிப் பதிவு நர்ஸ் பயிற்சிக்கு விடாமல், ஊருக்குத் திரும்பினால் செல்லாத இரண்டாம் தரப் பயிற்சியில் தள்ளினார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் கறுப்பர்களுக்கு இல்லை என்று வாசலில் எழுதியிருந்தது. 1965இன் இனவுறவுச் சட்டத்தில் வீட்டு விஷயம் சேரவில்லை, 1968 சட்டத்தில்தான் வந்தது. பெண் ஒருத்தி தனியாக வீட்டுக் கடன் கேட்டால் ஆண் ஒருவரின் உத்தரவாதக் கையெழுத்து கொண்டுவா என்று கேட்கலாம், 1975இல் பால் பாகுபாட்டுச் சட்டம் வரும் வரை. நிறம் ஒரு பூட்டு, பெண் என்பது இன்னொரு பூட்டு. பார்ட்னர் கைதான் பல வீடுகளுக்கு முன்பணம் ஆனது. பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக வரவழைக்க டிக்கெட்டும் ஆனது. உங்கள் ஜமைக்கா அம்மாவின் தலைமுறை அந்த வீட்டில் வளர்ந்தது, அந்த டிக்கெட்டில் வந்தது.

அமெரிக்காவில் கதை வேறு பாதையில் போனது. விடுதலையான மக்களுக்காக 1865இல் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி 1874இல் முழுகியபோது 61,000க்கும் மேற்பட்டவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் சேமிப்போடு சிக்கிக்கொண்டார்கள். சலவைக்காரிகளும் சமையல்காரிகளும் அதில் இருந்தார்கள். அதற்குப் பின் 1903இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மேகி லீனா வாக்கர், செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கியைத் திறந்தார். அமெரிக்காவில் வங்கி தொடங்கித் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அவருடைய தாய் துணி வெளுத்துக் குடும்பம் காத்தவர். பெயரிலேயே பென்னி இருப்பதைப் பாருங்கள். ஜமைக்காச் சந்தையின் சில்லறை நினைவுக்கு வருகிறது.

இன்றைக்கு இந்தப் பெண்களைப் பற்றி மிகக் கவனமாக எழுதிவரும் ஆய்வாளர்களில் ஒருவர் கரோலைன் ஷெனாஸ் ஹொசைன். 'பேங்கர் லேடீஸ்' என்று மரியாதையோடு இவர்களைக் குறிப்பிடுபவர். அவர் பணியாற்றுவது டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகம். நம் ஈழத் தமிழர்கள் செறிந்து வாழும் அதே ஸ்கார்பரோ. ஒரே அடுக்குமாடியில் ஒரு தளத்தில் நம்மவர் சீட்டும் இன்னொரு தளத்தில் சூசூவும் நடக்கும் ஊர் அது. நம்மவர் சீட்டில் கழிவு உண்டு, அவர்களுடையதில் இல்லை. காமரூன் மக்களின் 'ந்ஜாங்கி'யில் சில வகைகளில் ஏலமும் உண்டு என்பதால், அவர்கள் நம்மோடு பேசினால் உடனே புரிந்துகொள்வார்கள். சோமாலியப் பெண்கள் நடத்துவது 'ஹக்பாத்' அல்லது 'அயூத்தோ'. இரண்டாவது சொல் உதவி என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. வட்டி இல்லாததால் இஸ்லாமிய நெறிக்கும் பொருந்துகிறது.

கானா நாட்டவர் யாராவது சூசூ என்றால் ஒரு நிமிடம் நிதானித்துக் கேளுங்கள். அக்ரா சந்தையில் அந்தச் சொல், தினமும் கடைகடையாக வந்து சேமிப்பை வாங்கிப்போகும் வசூல்காரரையும் குறிக்கும். மாத முடிவில் ஒரு நாள் தொகையைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். அது சுற்று இல்லை, கையும் இல்லை.

இப்போது எச்சரிக்கை. 2020இல் கொரோனா முடக்கத்தில் சூசூ என்ற பெயரைத் திருடிக்கொண்டு ஒரு மோசடி வாட்ஸ்அப் வழியே பரவியது. ஒரு வட்டம் வரைந்த படம் வரும். நடுவில் 1 பெயர், சுற்றி 2, அடுத்து 4, வெளி ஓரத்தில் 8. ஓரத்தில் சேருபவர் 100 டாலர் கட்ட வேண்டும், நடுவில் இருப்பவர் 800 வாங்கிக்கொண்டு போவார், வட்டம் இரண்டாகப் பிரியும். சகோதரித்துவம், ஆசீர்வாதம் என்ற சொற்களால் பொதிந்து கறுப்பினப் பெண்களிடம் கொண்டுவந்தார்கள். கணக்கைப் பாருங்கள்: ஓரத்தில் இருக்கும் 8 பேரும் 800 வாங்க 64 பேர் புதிதாகச் சேர வேண்டும். அந்த 64 பேருக்கு 512, அவர்களுக்கு 4,096, அவர்களுக்கு 32,768. எங்கே நின்றாலும் நிற்கிற இடத்தில் 8 பேரில் 7 பேர் போட்டதை இழப்பார்கள். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதை எச்சரித்தது, 2021இல் ஆர்கன்சா மாநிலத்தோடு சேர்ந்து இப்படியொரு திட்டத்தின் மேல் வழக்கும் போட்டது. காசு போனதைவிடப் பெரிய இழப்பு, நூற்றாண்டுகளாக நம்பிக்கையோடு ஒலித்த ஒரு சொல்லில் கறை பட்டது. வித்தியாசம் காண்பது எளிது. உண்மையான பார்ட்னரில் நீங்கள் போடுவது 1,000, எடுப்பது 1,000. எத்தனை பேர், எந்தத் தேதியில் முடியும் என்பது முதல் நாளே தெரியும். ஆள் பிடித்துக் கொண்டுவா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டியதைவிட அதிகம் வரும் என்று ஒரு சொல் காதில் விழுந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பணமே திரும்புவதால் கை என்பது வருமானம் இல்லை. வங்கி வைப்புக்கு உள்ள அரசுக் காப்பு இதற்குக் கிடையாது. யூனிவர்சல் கிரெடிட் என்ற பிரிட்டிஷ் அரசு உதவித்தொகை வாங்கும் உறுப்பினர்கள் கவனமாக இருக்க வேண்டும்: கணக்கில் உள்ள சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 பவுண்டு கழிப்பார்கள், 16,000ஐத் தாண்டினால் உதவியே நின்றுவிடும். 1,000 பவுண்டுக் கை தனியாக இடிக்காது. மாதம் 500 வீதம் 20 பேர் போடும் பெரிய பார்ட்னரில் 10,000 மொத்தமாக வந்து விழுந்தால் இடிக்கும். அந்தக் கையை எதற்காக எடுக்கிறார்களோ அதற்கு உடனே செலவழித்து ரசீது வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக் கடனுக்குப் போகிறவரிடம் முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வாரா வாரம் வங்கி வழியாகவே, குறிப்பில் "பார்ட்னர்" என்று எழுதி அனுப்பியிருந்தால் கணக்கு அறிக்கையே சாட்சி. ரொக்கமாகக் கட்டியிருந்தால், நோட்டின் பக்க நகலும் பேங்கர் கையெழுத்திட்ட கடிதமும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேரலாமா என்றால், சேரலாம் என்பதே என் எண்ணம், சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு. அவர் எத்தனை சுற்று நடத்தியிருக்கிறார்? யாராவது நின்றபோது என்ன செய்தார்? (ஒருமுறைகூட அப்படி நடந்ததில்லை என்பவரைவிட, நடந்தது, இப்படிச் சமாளித்தேன் என்பவரை நம்புங்கள்.) அவருக்குக் கூலி உண்டா, அன்பளிப்பா? சிலர் ஒரு வாரத் தொகையைக் கூலியாக எடுப்பார்கள், பலர் எதுவும் கேட்க மாட்டார்கள். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் நோட்டை யார் பார்ப்பார்கள்? கடைசியாக, உங்களையே கேட்க வேண்டியது: இரண்டு வாரம் சம்பளம் வராவிட்டாலும் 50 எறிய முடியுமா? முடியாது என்றால் பாதிக் கை கேளுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

வட்டியைக் கேட்டதற்கு வருத்தம் சொல்ல நினைத்தால், எங்கள் ஊரிலும் சீட்டு உண்டு, அதில் ஏலம் இருப்பதால் அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். நம் சீட்டு எப்படி நடக்கும் என்று அவர் நிச்சயம் கேட்பார், அரை மணி நேரம் ஓடிவிடும். 20ஆவது கை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சனிக்கிழமை பணம் வந்ததும் உங்களால் முடிந்த ஒரு தொகையை, 20ஓ 30ஓ, உறையில் போட்டு அவர் கையில் கொடுங்கள், அதுதான் வழக்கம். புதிய நோட்டில் அடுத்த சுற்றுக்குப் பெயர் எழுதும்போது, உனக்கு எந்த மாதம் பணம் தேவைப்படும் என்று அவரே கேட்பார்.